எங்கே நோகிறது?

ஈஜிபுராவில் நம் வீட்டிற்கு மூன்று வீடு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். தெருவில் எல்லோரும் அவரை மேஸ்திரி என்றே அழைப்பர். திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து இளவயதில் கட்டட வேலை தேடிப் பெங்களூருக்கு வந்தவர். கரண்டி பிடித்து உழைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்து, இவ்வூரிலேயே வேரூன்றிவிட்டார். ஓர் இரவு உணவு உண்டபின் அவருக்கு நெஞ்சுக்குழியில் வலி தோன்றிற்று. இறுக்கிப் பிடிப்பது போலவும் எரிவது போலவும் இருந்ததாம். உடம்பு வியர்த்துக் கொட்டியது. ‘வாயுதான்’ என்று முடிவு செய்து வீட்டார் ஓமத்தைக் காய்ச்சிக் கொடுத்தனர். வலி விடவில்லை. மகள் அவரை அருகிலிருந்த ஒரு கிளினிக்கிற்கு அழைத்துச் சென்றாள்.

இரவுப் பணியில் இருந்த இளம் மருத்துவர் கன்னடத்தில், ‘எல்லி நோவு?’ என்று வினவினார். எங்கே நோகிறது என்பது பொருள். பெரியவர் ‘நெஞ்சுக்குழியில்’ என்றார். அச்சொல்லுக்குக் கன்னடம் அறியாத மகள், ‘ஹொட்டெ நோவு’ என்று மொழிபெயர்த்தாள். ஹொட்டெ என்றால் வயிறு. மருத்துவர் புளிப்பை அடக்கும் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். மறுநாள் முற்பகலில் வேறொரு மருத்துவமனையில் இதயமின் வரைபடம் எடுத்துப் பார்த்த பின்னரே, வந்தது வயிற்று நோவன்று, மாரடைப்பு என்பது தெரிந்தது. மேஸ்திரி பிழைத்துக்கொண்டார். ஆயினும் இதயத் தசையில் ஒரு பகுதி மடிந்துவிட்டது. எத்தனையோ மாடிகளைக் கட்டிய அவர் இன்று தம் வீட்டு இரண்டாம் மாடிக்கு ஏறும்பொழுது இடையில் ஒருமுறை உட்கார வேண்டியிருக்கிறது.

இதில் யாரைக் குறை சொல்வது? மகள் பொய் சொல்லவில்லை. நெஞ்சுக்குழி என்பது உண்மையில் வயிற்றின் மேற்பகுதியே. மருத்துவர் தாம் கேட்ட சொல்லுக்கு மருந்து கொடுத்தார். வியர்வையைப் பற்றி இன்னும் ஒரு கேள்வி அவர் கேட்டிருக்கலாம் என்பது நம் கருத்து. தவறு நிகழ்ந்த இடம் ஒரு சொல்லுக்கும் ஓர் உறுப்புக்கும் இடையே உள்ள இடைவெளி. அவ்விடைவெளியைப் பற்றியே இங்குப் பேச எண்ணுகிறோம். பிறமொழி வழங்கும் ஊர்களில் வாழும் தமிழருக்கு இது படிப்பாளிகளின் பொழுதுபோக்கு அன்று.

நெஞ்சுக்குழி எங்கே இருக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். மார்பின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் தட்டையான எலும்பை மார்பெலும்பு என்பர். அது முடியும் இடத்தில், இருபுற விலா எலும்புகளும் கூரைச் சரிவு போல் பிரியும் கோணத்தில், விரல் வைத்தால் மெத்தென்று அமுங்கும் பள்ளம் ஒன்று உண்டு. அதுவே நெஞ்சுக்குழி. பெயர் நெஞ்சைச் சேர்ந்தது. இடம் வயிற்றைச் சேர்ந்தது. பழந்தமிழர் இப்பெயரை இட்டதில் பிழையில்லை என்பதே நம் எண்ணம். ஏனெனில் அது இரு நாடுகளின் எல்லையில் உள்ள ஊர்.

அந்த எல்லைச் சுவரின் பெயர் உதரவிதானம். உதரம் என்றால் வயிறு. விதானம் என்றால் மேற்கட்டி. கலியாணப் பந்தலில் மேலே கட்டும் துணியைப் போல், வயிற்றின் மேல் குவிந்து விரிந்திருக்கும் மெல்லிய தசை அது. அதற்கு மேலே இருப்பது மார்பறை. கீழே இருப்பது வயிற்றறை. நாம் மூச்சை இழுக்கும்போது இம்மேற்கட்டி கீழே தாழ்கிறது, மார்பறை அகலிக்கிறது, காற்று உள்ளே புகுகிறது. நுரையீரல் தானாகவே விரிகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அதற்குத் தசையே இல்லை. விதானமும் விலாத்தசைகளும் இழுப்பதால்தான் அது விரிகிறது.

மேஸ்திரியின் கதைக்குத் திறவுகோல் இவ்விடத்தில் இருக்கிறது. இதயத்தின் அடிப்பக்கம் உதரவிதானத்தின் மேலேயே அமர்ந்திருக்கிறது. நேர் கீழே, அதே விதானத்தை ஒட்டி, இரைப்பை இருக்கிறது. மேல்மாடிக்காரர் வீட்டில் குழாய் உடைந்தால் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் காண்பதைப் போல், இதயத்தின் அடிப்பக்கத்திற்கு இரத்தம் தரும் தமனி அடைபட்டால் வலி நெஞ்சுக்குழியில் தெரியக்கூடும். குமட்டலும் ஏப்பமும் சேர்ந்து வரலாம். இடக்கைப் பக்கம் பரவும் பெருவலி ஒன்றுதான் மாரடைப்பு என்று திரைப்படங்கள் நம்மைப் பழக்கிவிட்டன. மகளிர்க்கும், முதியோர்க்கும், நீரிழிவு உடையோர்க்கும் அது பல வேளைகளில் வேறு உருவில் வருகிறது.

இடக்கை வலிப்பதற்கும் காரணம் உண்டு. இதயத்திலிருந்து வரும் உணர்ச்சியைத் தாங்கும் நரம்பிழைகள் தண்டுவடத்தில் எந்தப் படியில் நுழைகின்றனவோ, அதே படியில்தான் மார்பின் தோலிலிருந்தும் கையின் உட்பக்கத் தோலிலிருந்தும் வரும் இழைகளும் நுழைகின்றன. ஈஜிபுராவில் ஒரே கட்டடத்தில் அடுக்கடுக்காக வீடுகள் இருக்கும். இரண்டு வீட்டுக்கு ஒரே அழைப்பு மணி வைத்திருப்பதும் உண்டு. மணி அடித்தால், அடிக்கடி விருந்தினர் வரும் வீட்டார்தான் எழுந்து வருவர். மூளையும் அவ்வாறே. வாழ்நாள் முழுதும் கையிலிருந்து செய்தி கேட்டுப் பழகியது. ஆகவே இதயம் அடித்த மணியைக் கை அடித்ததாகக் கொள்கிறது. இதனைப் பெயர்வலி என்று கூறலாம். தான் பிறந்த இடம்விட்டுப் பெயர்ந்து தோன்றும் வலி. பித்தப்பையில் கல் இருந்தால் வலத் தோள்பட்டையின் பின்புறம் நோவதும் இவ்வகையே. புலம்பெயர்ந்தோர் ஆகிய நமக்கு இது விளங்காத செய்தி அன்று!

நிற்க. உடலைப் பற்றிய கல்வி இரண்டு கிளைகளாகப் பிரியும். எந்த உறுப்பு எங்கே, என்ன வடிவில், எதனை அடுத்து இருக்கிறது என்று ஆராய்வது உடற்கூற்றியல். அவ்வுறுப்பு என்ன செய்கிறது, எவ்வாறு செய்கிறது என்று ஆராய்வது உடலியங்கியல். மேஸ்திரியிடம் இதைச் சொன்னபோது அவர் உடனே, ‘முன்னது பிளான், பின்னது தண்ணியும் கரண்டும் ஓடுறது’ என்றார். இதைவிடத் தெளிவான விளக்கத்தைப் பாடநூல்களில் நாம் கண்டதில்லை.

பிளான் என்றால் அதற்கு ஒரு திசை வேண்டும். மேலே, கீழே என்று சொன்னால் நிற்கும் மனிதனுக்கா, படுத்திருக்கும் மனிதனுக்கா? இக்குழப்பத்தைத் தவிர்க்க உலக மருத்துவர் அனைவரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டுள்ளனர். மனிதன் நேராக நிற்கிறான். முகம் முன்னோக்கி இருக்கிறது. கைகள் இருபுறமும் தொங்குகின்றன. உள்ளங்கைகள் முன்பக்கம் திரும்பியுள்ளன. நோயாளி குப்புறப் படுத்திருந்தாலும் சொற்கள் இந்த நிலையைக் கொண்டே வழங்கும். வலம், இடம் என்பவை நோயாளியின் வலமும் இடமுமே. எதிரே நின்று காண்பவருடையவை அல்ல. உடலின் நடுக்கோட்டை நெருங்கியது உட்பக்கம், விலகியது வெளிப்பக்கம். கைகால்களில், உடலோடு சேரும் இடத்திற்கு அருகில் இருப்பது அண்மை. தொலைவில் இருப்பது சேய்மை. முழங்கை மணிக்கட்டைவிட அண்மையானது. இரண்டும் பழைய தமிழ்ச் சொற்கள். இவற்றை மருத்துவத்திற்கு எடுத்துக்கொண்டவர்கள் நல்ல காதுடையவர்கள்.

ஈஜிபுராவிலிருந்து அதிகத் தொலைவில்லாத செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி 1963-இல் தொடங்கப்பட்டது. அங்கும் பிற கல்லூரிகளிலும் முதலாண்டு மாணவர் மனங்கொள்ளும் முதற்பாடங்களுள் இத்திசைச் சொற்களும் அடங்கும். நோயாளியாகிய நமக்கு அத்தனையும் வேண்டா. வயிற்றைப் பற்றி மட்டும் ஒரு சிறு நிலப்படம் இருந்தால் போதும்.

கொப்பூழின் வழியாகக் குறுக்கே ஒரு கோடும் நெடுக்கே ஒரு கோடும் இழுத்துக்கொள்க. நான்கு கட்டங்கள் கிடைக்கும். வல மேற்கட்டத்தில் கல்லீரலும் அதன் அடியில் பித்தப்பையும் உள்ளன. இட மேற்கட்டத்தில் இரைப்பையின் பெரும்பகுதியும் மண்ணீரலும் உள்ளன. வலக் கீழ்க்கட்டத்தில் சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் மூலையும் அங்கே தொங்கும் குடல்வாலும் உள்ளன. பெண்களுக்குக் கீழ்க்கட்டங்கள் இரண்டிலும் ஒவ்வொரு சினைப்பை உண்டு, நடுவே கருப்பை. சிறுநீரகங்கள் இக்கட்டங்களுக்குப் பின்னால், முதுகுப்புறத்தை ஒட்டி இருப்பவை. ஆதலின் அவற்றில் கல் இருந்தால் வலி விலாவின் பின்புறத்தில் தொடங்கி, அலை அலையாக முன்னோக்கித் தொடையிடுக்கு வரை இறங்கும். குடல்வால் அழற்சியோ கொப்பூழைச் சுற்றித் தொடங்கி, சில மணி நேரத்தில் வலக் கீழ்க்கட்டத்திற்கு நகர்ந்து அங்கே நிலைகொள்ளும். ‘வயிறு வலிக்கிறது’ என்ற இரண்டு சொல்லில் இவை அனைத்தும் அடங்கிவிடுகின்றன. அதனாலேயே அச்சொற்கள் மருத்துவருக்கு அதிகம் உதவுவதில்லை. விரலை வைத்து, ‘இங்கே தொடங்கியது, இங்கே வந்தது’ என்று காட்டினால் பாதி வேலை முடிந்தது.

வயிறு என்பதே தமிழில் தளர்வாக வழங்கும் சொல். உணவு தங்கும் பைக்கு இரைப்பை என்று தனிப்பெயர் இருக்கவும் அதனையும் வயிறு என்கிறோம். இத்தகைய தளர்ச்சிக்குப் பெரிய எடுத்துக்காட்டு நரம்பு. புறங்கையில் நீலமாகப் புடைத்து நிற்பதை நரம்பு என்கிறோம். அது சிரை, இரத்தக் குழாய். அதில் குத்தும் ஊசியை நரம்பூசி என்கிறோம். உண்மையான நரம்பு மூளையோடும் தண்டுவடத்தோடும் தொடர்புடைய செய்திக் கம்பி, வெண்மையாக இருக்கும், இரத்தம் ஓடாது. ‘நரம்பில் அடைப்பு’ என்று ஒருவர் சொன்னால் மருத்துவர் எதனைக் கருதுவார்? இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுசெல்வது தமனி. இதயத்தை நோக்கிக் கொண்டுவருவது சிரை. தமனியில் நல்ல இரத்தம், சிரையில் கெட்ட இரத்தம் என்று பள்ளியில் படித்த நினைவு பலருக்கு இருக்கும். அது முழு உண்மை அன்று. நுரையீரலுக்குச் செல்லும் தமனியில் ஓடுவது உயிர்வளி குறைந்த கருஞ்சிவப்பு இரத்தமே. போக்கும் வரவுமே பெயரைத் தீர்மானிக்கின்றன, நிறம் அன்று.

தளர்ச்சியை மட்டும் சொல்லி விட்டுவிட்டால் தமிழுக்கு அநீதி இழைத்தவராவோம். கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் என்ற மூன்று பெயர்களைப் பாருங்கள். குருதி நிறைந்து ஈரமாக இருக்கும் மூன்றையும் ஈரல் என்று ஓரினமாக்கி, ஒவ்வொன்றின் தன்மையை முன்னொட்டாக வைத்தனர். பெரியவர்களுக்குச் சுமார் ஒன்றரைக் கிலோ எடையுடன் கனத்திருப்பது கல்லீரல். எண்ணற்ற காற்றுச் சிற்றறைகளால் நுரை போல் இருப்பது நுரையீரல்; தண்ணீரில் இட்டால் மிதக்கும். பெயரே பாடம் சொல்கிறது.

இனி, நாம் வாழும் நாட்டு மொழியின் பக்கம் திரும்புவோம். கன்னடமும் தமிழும் ஒரு குடும்பத்து மொழிகள் ஆதலால், உடற்பெயர்களில் முக்கால் பங்கு நமக்கு முன்பே தெரிந்தவை. பல் என்பது ஹல்லு. விரல் என்பது பெரளு. வாய் என்பது பாயி. செவி என்பது கிவி. தொடை என்பது தொடெ. தமிழில் சொல் முதலில் வரும் பகரம் கன்னடத்தில் ஹகரமாகவும், வகரம் பகரமாகவும் மாறும் என்ற வழியைப் பிடித்துக்கொண்டால் பல சொற்கள் தாமே விளங்கும். மருத்துவர் கேட்ட நோவு என்ற சொல்லும் நம்முடையதே.

உறவினர் என்றாலும் ஏமாற்றும் உறவினர் சிலர் உண்டு. மூளெ என்று கன்னடர் சொன்னால் அது எலும்பு. நம் மூளைக்கு அவர்கள் மெதுளு என்பர். ‘மூளெ முறிதிதெ’ என்று மருத்துவர் சொல்லக் கேட்டு, எலும்பு முறிந்ததை மூளை முறிந்ததாகக் கொண்டு கதறிய ஓர் அம்மையாரை நாம் அறிவோம். முறிந்தது அவர் பேரனின் முன்கை எலும்பு. மண்டி என்பது முழங்கால், மண்டையன்று. மண்டியிடுதல் என்ற நம் வழக்கை நினைத்துக்கொண்டால் மறக்காது. குண்டிகெ என்பது கன்னடத்தில் இதயம். நம் நாட்டுப்புறத்தில் குண்டிக்காய் என்பதோ சிறுநீரகம். வயிறு என்ற சொல்லின் கன்னட உறவு பஸிரு. இன்று அதற்குக் கருப்பம் என்று பொருள். மார்புக்கு எதெ என்பர். மேஸ்திரியின் மகள் அன்று ‘எதெய கெளகெ’, மார்புக்குக் கீழே, என்று சொல்லியிருந்தால் கதை வேறாகியிருக்கலாம்.

மருத்துவ அறிவை நோயாளியின் சொல்லில் வைக்க வேண்டும் என்ற கவலை புதிதன்று. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் 1822-இல் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற மருத்துவர் 1847-இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மானிப்பாயில் மருத்துவம் பார்த்தார்; மாணவர்க்கும் கற்பித்தார். தொடக்கத்தில் பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. ஆங்கிலம் கற்றவர் ஊரைவிட்டு வேலைக்குப் போய்விடுவதையும், ஊரில் இருப்பவர்க்கு ஆங்கில மருத்துவரின் பேச்சு எட்டாமையையும் கண்ட அவர், 1860-களில் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் தலைப்பட்டார். அதற்கு நூல்கள் வேண்டுமே? மாணவர்களையும் உடன்சேர்த்து மொழிபெயர்த்தார். 1867-இல் ‘இரண வைத்தியம்’, 1872-இல் ‘மனுஷ அங்காதிபாதம்’, 1875-இல் ‘கெமிஸ்தம்’ என்று பெருநூல்கள் வெளிவந்தன. உடற்கூற்றியலுக்கு அவர்கள் அளித்த பெயரே அங்காதிபாதம். உடலியங்கியலைச் சுகரணம் என்றனர். 1873-இல் அவர் தாயகம் திரும்பு முன் அவரிடம் பயின்று மருத்துவரானோர் அறுபதுக்கும் மேற்பட்டவர். மானிப்பாயில் அவர் பெயரால் ஒரு மருத்துவமனை இன்றும் இருக்கிறது. அவர் ஆக்கிய சொற்களில் பல இன்று வழக்கிழந்துவிட்டன. அதனால் என்ன? இலங்கைத் தமிழர் கலம், இழையம் என்பர். நாம் செல், திசு என்போம். சொற்கள் மாறினும், ஒரே வகைக் கலங்கள் சேர்ந்து இழையமும், இழையங்கள் சேர்ந்து உறுப்பும், உறுப்புகள் சேர்ந்து மண்டலமும் ஆகின்றன என்ற படிவரிசை மாறுவதில்லை.

இதுவரை பிளானைப் பார்த்தோம்; தண்ணீர் ஓடுவதையும் சிறிது காண்போம். ஈஜிபுரா வீடுகளின் மொட்டை மாடியில் நீர்த்தொட்டிகள் வரிசையாக நிற்கும். கீழே சம்ப். காவிரி நீரோ, ஆழ்குழாய் நீரோ, லாரி நீரோ அதில் வந்து விழும். தொட்டியின் உள்ளே ஒரு மிதவை உண்டு. நீர் ஏறினால் மிதவை ஏறி வாயை அடைக்கும். நீர் இறங்கினால் இறங்கி வாயைத் திறக்கும். நம் உடல் இத்தகைய ஆயிரம் மிதவைகளால் ஆனது. சோறு உண்டபின் இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் கணையம் இன்சுலினைச் சுரந்து இறக்குகிறது. பட்டினி கிடந்து இறங்கினால் குளுக்ககான் என்ற மற்றொன்றைச் சுரந்து ஏற்றுகிறது. உடலின் உட்சூழல் மாறாது காக்கப்படுகிறது என்ற கருத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் கிளாட் பெர்னார் எடுத்துரைத்தார். அமெரிக்கரான வால்ட்டர் கேனன் 1926-இல் அதற்குத் தனிப்பெயர் இட்டார். தமிழில் அதனை உடற்சமநிலை என்கிறோம்.

காய்ச்சல் வந்தால் உடம்பு கொதிக்கும்போது குளிருவானேன் என்று பலர் கேட்பதுண்டு. 37 பாகையளவில் இருக்க வேண்டிய மிதவையை, கிருமியை எதிர்க்கும் பொருட்டு, மூளை 39-க்கு உயர்த்தி வைத்துவிடுகிறது. அந்நிலையில் 37 என்பது குறைவாகத் தோன்றுகிறது. ஆகவே உடல் நடுங்கி வெப்பத்தை உண்டாக்குகிறது. காய்ச்சல் விடும்போது மிதவை மீண்டும் தாழ்கிறது, வியர்வை பெருகுகிறது. மேஸ்திரிக்கு அன்று வந்த வியர்வை இவ்வகையன்று. இதயத்தின் நெருக்கடியில் நரம்பு மண்டலம் முழுவதும் விழித்துக்கொண்டதன் அடையாளம் அது, தொட்டால் குளிர்ந்திருக்கும்.

மயக்கம் என்ற சொல்லையும் இங்கே சொல்லிவிட வேண்டும். படுக்கையிலிருந்து எழுந்தால் இரத்தம் கால்களில் இறங்குகிறது. உடனே இதயம் விரைந்து துடித்து, குழாய்கள் சுருங்கி, அழுத்தத்தைச் சில நொடியில் சரிசெய்கின்றன. முதுமையிலும் சில மருந்துகளாலும் இம்மிதவை மந்தமாகிறது, கண் இருட்டுகிறது. உட்காதில் கோளாறு என்றால் அறை சுழல்கிறது. சிலர் நினைவிழந்து விழுந்துவிடுகின்றனர். கண் இருட்டல், தலைசுற்றல், நினைவிழத்தல் ஆகிய மூன்றையும் மயக்கம் என்ற ஒரே சொல்லால் சொல்கிறோம். மூன்றுக்கும் மருத்துவம் வேறு.

ஆதலின் நோயைச் சொல்லும்போது, எங்கே தொடங்கியது, எங்கே பரவியது, எப்போது தொடங்கியது, இறுக்கமா எரிவா குத்தலா, உடன் வியர்வையோ மூச்சுத் திணறலோ வாந்தியோ உண்டா என்பவற்றைச் சொல்லுக. தாடைக்கும் கொப்பூழுக்கும் இடையே எங்கேனும் புதிதாக இறுக்கமான வலி வந்து, குளிர்ந்த வியர்வையும் சேர்ந்தால், ஓமத்தைக் காய்ச்சும் நேரத்தில் 108-ஐ அழைத்துவிடலாம். அத்தகைய நோயாளி மருத்துவமனையை அடைந்த 10 நிமிடத்திற்குள் இதயமின் வரைபடம் எடுக்கப்பட வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட நெறி. அதனைக் கேட்பதற்கு நோயாளியின் வீட்டார் கூச வேண்டியதில்லை.

மேஸ்திரியின் மகள் இப்போது ஒரு சிறு குறிப்பேடு வைத்திருக்கிறாள். ஒரு பக்கத்தில் மனித உருவம் ஒன்றை வரைந்து, நெஞ்சுக்குழி, விலா, தொடையிடுக்கு, பிடரி என்று தமிழில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் கன்னடச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறாள். நெஞ்சுக்குழிக்கு நேரே ஒரே சொல் அவளுக்குக் கிடைக்கவில்லை. ‘எதெய கெளகெ, ஹொட்டெய மேலெ’ என்று இரண்டு தொடர்களாக எழுதி வைத்திருக்கிறாள். தெருவில் எவருக்கேனும் உடல்நலம் குன்றினால் அந்த ஏடு வீடு மாறிப் போய்வருகிறது.